கூழ் அண்டாவுக்கு வந்த சட்டம்

ஆடி பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் எங்கள் ஊர் அம்மன் கோயில் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒட்டியவர் விழாக் குழுத் தலைவர். நாலு லாரி வைத்திருக்கிறார், அதனால் தலைவர். பசையை விரலாலேயே வழித்துச் சுவரில் தேய்த்தார். தாளை அழுத்தினார். மிச்சப் பசையை வேப்பமரத்து வேரில் துடைத்துவிட்டு, அதே கையால் பூசாரியிடம் விபூதி வாங்கி நெற்றியில் கொஞ்சம், வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டார். தாளில் இருந்தது சுகாதாரத்தைப் பற்றி.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு சாயங்கால வகுப்பில் கற்றது அவ்வளவுதான். கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு எழுத்தையும் தாண்டிப் போக முடியாது. தாளில் மூன்று விஷயம் இருந்தது. பொது இடத்தில் கூழ் ஊற்றினால் தண்ணீரில் மருந்து கலக்க வேண்டும். பாத்திரத்தை மூடித்தான் கொண்டுவர வேண்டும். காய்ச்சுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள் நோய் இல்லை என்று மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும். அடியில் சுகாதாரத் துறை முத்திரை.

தலைவர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். மூன்றையும் படித்து முடித்துவிட்டு, தாளைப் பார்த்துக்கொண்டே நாலாவதாக ஒன்றையும் படித்தார்.

"சான்று இல்லாதவங்க பெரிய அண்டாவுல ஊத்தக் கூடாது. காலனிக்காரங்க பழையபடி ஏரிக்கரையாண்ட தனி அண்டா வெச்சிக்கலாம்."

தாளில் காலனி என்ற எழுத்தே இல்லை. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. நான் கிட்டப் போய் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன்.

"இன்னா தேட்ற?" என்றார்.

"நீங்க படிச்சது எந்த வரியில கீதுன்னு பாக்கறேன், தலைவரே."

"சட்டம்னா அதுக்கு அர்த்தம் தெரியணும். சும்மா எழுத்த பாத்தா போதாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது சுவரோரம் எச்சிலும் துப்பினார். அது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கேட்க ஆள் இல்லை.

எங்கள் ஊர் படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் என்றால் கோயிலைச் சுற்றியுள்ள நாலு தெரு. நாங்கள் இருப்பது காலனி. நடுவில் ஒரு ஓடை, அதன் மேல் ஒரு சிமெண்டுப் பாலம். ஆடி ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஒரு பெரிய அண்டாவை வைத்து, கழுத்தில் வேப்பிலையும் மஞ்சளும் கட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு பானை கூழ் கொண்டுவந்து அதில் ஊற்ற வேண்டும். எல்லார் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகு பூசாரி துடுப்புப் போட்டுக் கிண்டி, அம்மனுக்குக் காட்டி, எல்லாருக்கும் ஊற்றுவார். எல்லார் வீட்டுக் கூழும் கலந்தால்தான் அம்மன் குளிர்வாள் என்பது வழக்கம். அந்த எல்லாரில் நாங்கள் ரொம்ப காலம் இல்லை. எங்களுக்கு ஏரிக்கரையில் தனி அண்டா. நாலு வருஷம் முன்னால் தாலுக்கா ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டு, இனி ஒரே அண்டா என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வருஷம் காலனியிலிருந்து போய் முதலில் ஊற்றியது என் பானை. யாரும் என் பேரை எழுதி அனுப்பவில்லை. மற்றவர்கள் தயங்கி நின்றார்கள், நான் நடந்தேன், அவ்வளவுதான்.

அதிலும் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் பானைகளை ஊற்றி, கிண்டி, சொம்பு சொம்பாக மொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். கோயில் வாசலில் எங்கள் கூழைக் குடிக்கிற மாதிரி தம்ளரை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தொண்டை அசையவில்லை. நான் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தலைவர் வீட்டம்மா இதில் முன்னால் நிற்பவள். நான் அவள் மாமனார் கழனியில் நாற்று நட்டவள், களை எடுத்தவள். தாகம் என்று கேட்டால் பின்வாசலில் நின்று சொம்பைத் தோளுக்கு மேல் தூக்கி ஊற்றுவாள். நான் குனிந்து இரண்டு கையையும் குழித்துப் பிடிக்க வேண்டும். பாதி தண்ணீர் வாய்க்கு, பாதி ரவிக்கைக்கு. கேட்டால் சுத்தம் என்பாள். சுத்தம் என்பது அவள் வீட்டில் பிறந்த சொந்தக்காரி மாதிரி பேசுவாள். அந்தப் பின்வாசலில் சாக்கடைக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர்த் தொட்டி இருக்கும், மூடி இருக்காது, கோழி அதன் விளிம்பில் நடக்கும்.

கழனி வேலை குறைந்ததும் நான் மாமல்லபுரம் போனேன். கடலைப் பார்த்த ஒரு ஓட்டல், சமையல்கட்டில் காய் வெட்டுகிற வேலை. காலையில் படாளம் கூட்ரோட்டில் ஒரு பஸ், செங்கல்பட்டில் இறங்கி இன்னொரு பஸ். இப்போதும் வாரத்துக்கு நாலு நாள் போகிறேன். எனக்கு வயசாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் சின்ன வெங்காயத்தை என்னைப் போல் காயம் படாமல் உரிக்க அங்கே வேறு கை இல்லை.

அங்கே போன முதல் நாள் தலைமைச் சமையல்காரர், என் பிள்ளை வயசு, என் கையை நீட்டச் சொன்னார். திருப்பிப் பார்த்தார். நகத்துக்கு அடியில் பார்த்தார். "போய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவிட்டு வாங்கம்மா" என்றார். எனக்கு மூக்கு வரைக்கும் கோபம் வந்தது. இந்தக் கையைச் சுத்தமில்லை என்று சொல்ல இவன் யார் என்று கழுவிக்கொண்டே நின்றேன். திரும்பி வந்தால் எனக்கு அடுத்து நின்றவரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் பட்டையும் பூணூலுமாக இனிப்புப் போடுகிற ஆள். அவரையும் கழுவத்தான் அனுப்பினார். அவருக்குப் பின்னால் மானேஜர். அவரையும் அனுப்பினார். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் போனது. எல்லார் கையையும் பார்க்கிற சுத்தம் ஒன்று இருக்கிறது, என் கையை மட்டும் பார்க்கிற சுத்தம் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தது யார் என்று தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தரம், சித்திரையில், மெடிக்கல் எடுப்பார்கள். கண், தோல், நகம் பார்ப்பார்கள். ரத்தம் எடுப்பார்கள், தோளில் ஊசி போடுவார்கள். முந்தின நாளே ஆளுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுத்துவிடுவார்கள். காலையில் வெளிக்குப் போவதில் துளி எடுத்து அதில் வைத்துக் கொண்டுவர வேண்டும். முதல் வருஷம் நான் அதைப் பால் கவரில் சுற்றி, அதை ஒரு துணியில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டில் கண்டக்டர், "இன்னாம்மா மடியில பத்திரமா வெச்சினு வர்ற, மீன் வறுவலா?" என்றான்.

"ஆமாண்டா, உனுக்கு வோணுமா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்குத்தான் பேஜார்.

எல்லாம் சரியாக இருந்தால் போட்டோ ஒட்டி, டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு ஒரு அட்டை கொடுப்பார்கள். இவர் கையால் சமைத்ததை எல்லாரும் சாப்பிடலாம் என்பது அதன் அர்த்தம். ஒவ்வொரு வருஷத்து அட்டையையும் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். என் பேரில் வீட்டுப் பட்டா கிடையாது. அட்டை உண்டு.

தாள் ஒட்டிய அன்று சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். அவள் முதலில் சண்டைக்குப் போகலாம் என்றாள், பிறகு சிரித்தாள்.

"அத்த, சான்று கேக்கறாங்கன்னா உன்கிட்டதான் கீதே."

"அது எனக்கும் தெரியும்டி. அவங்களாண்ட இன்னா கீதுன்னு பாக்கலாம்."

தலைவர் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பேசி, ஊர்த் தெருப் பெண்கள் எல்லாருக்கும் சான்று வாங்க ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு வீடு டப்பா வந்தது. வியாழக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. இதெல்லாம் மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்டுவந்து மருமகள் எனக்குச் சொன்னது.

"கூத்து கேட்டியா அத்த? தலைவரு வூட்டம்மா அந்த டப்பாவ குங்குமம் போட்டு வெக்கறதுக்குன்னு நெனச்சி சாமி ரூம்ல வெச்சிட்டாங்களாம்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, எதுக்குன்னு யாரோ சொன்னதும் கொல்லப்பக்கம் போய் தலைக்கு ஊத்திக்கினு, ரூம் பூரா கழுவிவுட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சாங்களாம். டப்பா காலி டப்பாதான்!"

"வேன்ல எத்தினி பேரு போனாங்க?"

"ஒருத்தி கூட ஏறல. ஊர்ப் பொம்பளைங்க அதைத் தூக்கினு செங்கல்பட்டு போவணுமான்னு ஒரே ரகள. வேன் காலியா போச்சி."

அதுதான் அவர்கள் சுத்தம். நோய் இருக்கிறதா என்று பார்க்கக்கூடக் கூடாது, பார்த்தால் அசிங்கம். நோய் எங்களுக்குத்தான் இருக்கும் என்பது அவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலே தெரியும். சட்டத்தைச் சுவரில் ஒட்டியவர்களுக்கு அந்தச் சட்டம் தங்கள் வீட்டுப் பக்கமும் திரும்பும் என்பது கடைசிவரை உறைக்கவில்லை. நாய் வளர்த்துப் பக்கத்து வீட்டை நோக்கிக் கட்டி வைத்திருக்கிற நினைப்பு.

இதில் தலைவர் இன்னொன்றும் செய்தார். நாங்கள் தாளை மதிக்காமல் வந்து ஊற்றிவிடுவோம், தகராறு ஆகும் என்று மனு எழுதி, சுகாதார இன்ஸ்பெக்டரை நேரில் வந்து நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதைப் பெருமையாகப் பாலத்தில் நின்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். எங்கள் பக்கம் சில பேர் பயந்தார்கள். ஏரிக்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம், வம்பு வேண்டாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு வருஷம் ஏரிக்கரைக்குப் போனால் அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஏரிக்கரைதான். முதல் பானை நான் ஊற்றியது. திரும்பிப் போகிற முதல் பானையும் என்னுடையதாகத்தான் இருக்கும். "நீங்க வராட்டி போங்க, நான் போவேன்" என்று சொல்லிவிட்டுக் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கிண்டி, கூழை இறக்கினேன். ஓட்டலில் செய்கிற மாதிரியே தலைக்குத் துணி கட்டி, முழங்கை வரை கழுவி, பானையை மூடி, மூடிமேல் வேப்பிலை வைத்தேன். அட்டையைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மருமகள் பின்னால் வந்தாள். கூப்பிடாமலே காலனியிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் பானையோடு வந்துவிட்டார்கள்.

கோயில் முன்னால் அண்டா இருந்தது. ஊர்த் தெருப் பெண்கள் பட்டுப் புடவையில் பானையோடு வரிசையில் நின்றார்கள். ஒரு பானைக்கும் மூடி இல்லை, ஈ மொய்த்தது. இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. ஸ்கூட்டியில் வந்திருந்தார், நாற்பது வயசு இருக்கும், வேர்த்துப்போய் நின்றார். தலைவர் அவருக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் வாங்கி வைத்திருந்தார். அவர் இரண்டையும் தொடவில்லை.

நாங்கள் பாலம் தாண்டியதும் தலைவர் கையைக் காட்டினார். "பாருங்க மேடம், நான் சொன்னேன் இல்ல? சட்டம்னு சொல்லியும் வந்துகினு கீறாங்க."

"சரி. யார் யார்கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கு? எடுங்க" என்றார் அந்த அம்மா. எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. பட்டுப் புடவை வரிசையைப் பார்த்துக் கேட்டார், அவர்கள்தான் முதலில் நின்றார்கள்.

ஒருத்தி அண்டாவைப் பார்த்தாள், ஒருத்தி அம்மனைப் பார்த்தாள்.

தலைவர் சிரித்தார். "மேடம், நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு? எல்லாம் குளிச்சி முழுகி வர்றவங்க. இது அவங்களுக்காக ஒட்டினது."

"யாருக்காகன்னு தாள்ல போடலியே சார். மனு குடுத்து என்ன வரச்சொன்னது நீங்கதான். இப்ப யார்கிட்டயும் இல்லன்னா நான் நிறுத்தச் சொல்லிட்டுத்தான் போவணும்."

நான் முன்னால் போய்ப் பானையைக் கீழே வைத்தேன். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றவில்லை, அவர் குனிந்துதான் படித்தார். முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கமும் படித்தார். பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். என் கையைக் கேட்டார், நீட்டினேன். நகத்துக்கு அடியில் பார்த்தார்.

"எங்க வேல செய்றீங்கம்மா?"

சொன்னேன்.

"இவங்க ஒருத்தங்களுக்குத்தான் தகுதி இருக்கு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "சட்டப்படி பார்த்தா இந்த ஒரு பானைதான் அண்டாவுல போவணும்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் முகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பூசாரி நடுவில் புகுந்து, ஒரு பானை கூழ் அண்டா அடியைக்கூட நனைக்காதே, அம்மன் குறை ஆகிவிடுமே என்று கெஞ்சினார். அந்த அம்மா யோசித்துவிட்டு, தகுதி உள்ள ஒருத்தர் மேற்பார்வையில் செய்தால் இந்த ஒரு வருஷம் விடுகிறேன் என்றார். ஊற்ற வருகிறவர்கள் கையையும் பானையையும் நான் பார்க்க வேண்டும். நான் சரி என்றால் ஊற்றலாம்.

"இதுவா? இது எங்க கையப் பாக்கறதா?" என்றார் தலைவர்.

இது என்றது என்னைத்தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். முன்பெல்லாம் வாடி போடி என்பார். சமாதானக் கூட்டத்துக்குப் பிறகு வாடி போடி போய் இது வந்தது.

"பிடிக்கலன்னா ஏரிக்கரையாண்ட தனி அண்டா வெச்சிக்கலாமே, தலைவரே" என்றேன். காலனிப் பக்கம் சிரிப்பு வந்தது. ஊர்ப் பக்கத்திலும் ஒரு கிழவர் சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். தலைவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் போய்விட்டார்.

முதலில் எங்கள் ஆட்களைப் பார்த்தேன். இரண்டு பேரைக் கழுவ அனுப்பினேன், அதில் ஒருத்தி என் மருமகள். "அத்த, நம்மளயேவா?" என்றாள். "போடி, போய் கழுவு" என்றேன். பிறகு ஊர் வரிசை. சிலர் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள், போகட்டும். நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ஊசி போடுகிற இடத்தில் நிற்கிற மாதிரி.

தலைவர் வீட்டம்மா கடைசியில் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். புருஷன் போன திசையைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். ஏதோ வேண்டுதல் இருந்திருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினேன். இத்தனை வருஷத்தில் அது என்மேல் பட்டது அன்றைக்குத்தான். எல்லார் கையும் மாதிரிதான் இருந்தது, மோதிரம் அதிகம். மோதிரத்துக்கு அடியில் மாவு காய்ந்து அழுக்கோடு அடைந்திருந்தது. நகத்துக்குள் கறுப்பு.

"மோதிரத்த கழட்டி, முழங்கை வரிக்கும் சோப்பு போட்டு கழுவும்மா" என்றேன்.

"எங்க கழுவறது?" என்றாள் சின்னக் குரலில். குழு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சுகாதாரத்துக்காக வாங்கி வைத்தது அது.

எங்கள் ஆட்கள் கை கழுவக் கொண்டுவந்திருந்த குடத்திலிருந்து நான் சொம்பில் மொண்டேன். அவள் குனிந்து இரண்டு கையையும் குழித்துப் பிடித்தாள், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே கற்றிருக்கிறாள். நான் கையை ஒட்டி வைத்துத்தான் ஊற்றினேன். இரக்கம் எல்லாம் இல்லை. மேலே தூக்கி ஊற்றினால் பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போகும், கை சுத்தமாகாது. இந்தச் சின்ன விஷயம் அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போனது. இரண்டு தரம் சோப்புப் போட வைத்தேன். பிறகு சரி என்று சொன்னேன். அவள் பானையை ஊற்றினாள். அதன் மேல் நான் என் பானையை ஊற்றினேன், பூசாரி துடுப்பைப் போட்டார்.

அந்த வருஷம் யாரும் முன்னாலேயே மொண்டு கொண்டு போக முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு தம்ளர் வாங்கி நின்றபடியே குடித்து, வெங்காயம் கேட்டு வாங்கிக் கடித்தார். நான் பழக்கத்தில் எல்லார் தொண்டையையும் பார்த்தேன். நாலைந்து அசைந்தது. தலைவர் வீட்டம்மா தொண்டையும் ஒரு தரம் அசைந்தது. அது கூழா எச்சிலா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அடுத்த வாரம் குழு கூடி, வருகிற ஆடிக்கு வீட்டுக் கூழே வேண்டாம், வெளியிலிருந்து சமையல்காரரை வைத்துக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எல்லார் வீட்டுக் கூழும் கலந்தால்தான் அம்மன் குளிர்வாள் என்றவர்கள்தான். என் பானை விழக்கூடாது என்றால் அம்மன் வெந்தாலும் பரவாயில்லை. மருமகள் வந்து சொன்னாள்.

"வரட்டும்" என்றேன். "அந்த ஆளுக்கும் அட்டை வோணும். பாக்காம வுடுவேனா?"

ஓட்டலில் இந்தச் சித்திரைக்கு டப்பா கொடுத்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் கொண்டு போக வேண்டும்.